நூற்றில் ஏழு பங்கு காற்று

அந்தக் கூடத்தில் தண்ணீர் இரண்டு நிறத்தில் ஓடும். மேலே, மதகைத் தாண்டிச் சரிவில் இறங்கும் இடத்தில் அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்; அடியில் கிடக்கும் ஆணியின் கொண்டையைக்கூட எண்ணிவிடலாம். கொஞ்சதூரம் போனதும் மேற்பரப்பு சொரசொரக்கும், கொப்புளம் கிளம்பும், அதற்கப்புறம் கடைசிவரைக்கும் பால் வெள்ளை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இதுல என்னத்தைக் கலக்குறீங்க?"

"காத்து" என்பாள் ஊசியக்கா. "நாங்க கலக்கலை. ஓடுற வேகத்துல தண்ணியே இழுத்துக்குது."

கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஊசியக்காதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையிலிருந்து இந்த நீரியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள். பொறியியல் படித்தவள் இல்லை. ஆனால் தலைமயிரைவிட மெல்லிய கம்பியைக் கண்ணாடிக் குழலுக்குள் நுழைத்து, அதை எஃகுக் குழாயில் பொருத்தி, ஓடும் தண்ணீருக்குள் நிறுத்துகிற ஊசியை அவளைப்போலச் செய்ய அங்கே வேறு ஆள் கிடையாது. ஊசி முனை தண்ணீரில் இருந்தால் மின்சாரம் பாயும். குமிழிக்குள் புகுந்தால் நிற்கும். நூறு நொடியில் ஏழு நொடி நின்றால், அந்த இடத்துத் தண்ணீரில் நூற்றில் ஏழு பங்கு காற்று. கணக்கு இவ்வளவுதான். முனை வளையாமல், உடையாமல், பொய் சொல்லாமல் நிற்பதுதான் கஷ்டம்.

ஊசி சொல்லும் எண்களை வாங்கிக் கணினியில் ஏற்றி அறிக்கையாக்குபவன் முனைவர் பட்டம் பெற்ற ஓர் இளம் பொறியாளன். அவனை எல்லோரும் டாக்டர் என்றார்கள். "ஊசி போடுறது அக்கா, டாக்டர்னு பேரு மட்டும் உனக்கா" என்று கேட்டுக் கேட்டுக் கூடத்தில் அந்தக் கேலி தேய்ந்துபோயிருந்தது. அவனே இப்போது தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்வான்.

இந்த முறை அவர்கள் வைத்திருந்தது ஓர் அணையின் உபரிநீர்ச் சரிவின் மாதிரி. நிஜத்தில் இருநூறு மீட்டர். கூடத்தில் இருபதில் ஒரு பங்காக, பத்து மீட்டர் நீளத்தில், பல வருடமாக இருக்கும் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். போன வெள்ளத்தில் அந்த அணையின் சரிவில் ஒன்பது நாள் தண்ணீர் ஓடியது. மதகை மூடிவிட்டு இறங்கிப் பார்த்தபோது, கீழ்க்கோடியில் கான்கிரீட் தரை பெயர்ந்து, ஓர் ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாத அளவுக்குக் குழி. கல் உருண்டு வந்து இடித்ததல்ல. தண்ணீரே செய்த வேலை. அந்த வேகத்தில் போகும் தண்ணீர், தரையில் விரல்கடை உயரத்துக்கு ஒரு மேடு இருந்தாலும், அதைத் தாண்டுகிற இடத்தில் அழுத்தம் இழந்து உள்ளே ஒன்றுமில்லாத கொப்புளங்களை உண்டாக்கும். அவை நசுங்கும் ஒவ்வொரு தடவையும் கான்கிரீட்டுக்கு ஒரு சுத்தியடி. நொடிக்கு ஆயிரக்கணக்கில் அடி விழுந்தால் எந்தத் தரை தாங்கும்?

தண்ணீரில் காற்று கலந்திருந்தால் அடி மெத்தையில் விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் சரிவின் மேல்பகுதியில், தரைக்குக் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, இரு பக்கமும் குழாய் வழியாகக் காற்று வரும்படி செய்யத் திட்டம்; மாதிரியில் அதையும் வைத்திருந்தார்கள். தண்ணீர் பள்ளத்தைத் தாவும்போது அடியிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் குமிழியின் புத்தி மேலே ஏறுவது. போகப் போகத் தரையை ஒட்டிய காற்று குறைந்துகொண்டே வரும். கீழ்க்கோடி வரைக்கும் நூற்றில் ஐந்து பங்காவது மிஞ்சுமா, அல்லது நடுவில் இன்னொரு பள்ளம் வேண்டுமா? அணைக்காரர்கள் கேட்டது இதை மட்டும்தான்.

புதன்கிழமை அணையின் தலைமைப் பொறியாளரே நேரில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். பூட்ஸில் காய்ந்த சிமென்ட், பேச்சில் வீண் சொல் கிடையாது. கூடத்தின் இயக்குநர் அவரைச் சரிவின் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"ஊசி எங்க வாங்கினதுன்னு கேக்காதீங்க மேடம். வாங்கவே இல்லை. இவங்க கையால செஞ்சது."

மேடம் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "கண்ணாடி பளிச்சுனு இருக்கே. போன தடவை வந்தப்போ குளியலறை ஜன்னல் வழியாப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு."

பம்பு அறை வாசலில் நின்றிருந்த பம்பு அண்ணன் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாகக் கூடத்தின் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர் அவர், ஊசியக்காவின் கணவர்.

பம்பு ஓடியது. ஊசியக்கா ஊசியைக் கீழ்க்கோடிக்கு நகர்த்தி, தரையிலிருந்து நகக்கண் அளவு உயரத்தில் நிறுத்தினாள். நூறு நொடி. டாக்டர் திரையைப் பார்த்து, "ஏழு" என்றான். மறுபடியும் நூறு நொடி. "ஏழு புள்ளி ஒண்ணு."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ஒரு பள்ளம் போதும்." அந்த ஒரு வரியில் அவர் தோள் ஓர் அங்குலம் இறங்கியதை ஊசியக்கா கவனித்தாள். இரண்டாவது பள்ளம் என்றால் இன்னும் நாலு மாத வேலை. மழை அதுவரை பொறுக்குமா என்பதுதான் அந்த அம்மாளின் பயம்.

எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். இயக்குநர் ஊசியக்கா பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை அறிக்கை போகுது. முதல் பக்கத்துல உங்க பேரும் வருது" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவள் ஊசியின் படம் எத்தனையோ அறிக்கைகளில் வந்திருக்கிறது. படத்துக்குக் கீழே 'அளவு ஊசி' என்று போட்டிருக்கும். செய்தவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் அளந்தார்கள், ஏழுதான். அன்று பம்பை நிறுத்துவதற்குள், முன்னெழுத்தோடு பெயரை எழுதிக் கொடுக்கும்படி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். போனாள். நல்ல தாளாகக் கேட்டு வாங்கி, இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைதான் விஷயம் பிடிபட்டது.

பம்பை நிறுத்தியதும் தொட்டியின் முன்னால் நின்று எண்ணுவது அவள் பழக்கம். சரிவில் ஓடி முடிக்கும் தண்ணீர் கீழே உள்ள தொட்டியில் விழும். அங்கிருந்து பம்பு அதை மறுபடி மேலே தள்ளும். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். ஊசியைக் கழற்றித் தொட்டிக்குள் நீட்டிய தாங்கியில் வைத்துவிட்டு, வெள்ளை அடங்கித் தெளிந்த பிறகுதான் முனை வளைந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். காத்திருக்கிற நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று எண்ண ஆரம்பித்தது. அறுபது, அறுபத்திரண்டுக்குள் தண்ணீர் தெளிந்துவிடும். யாரும் கேட்காவிட்டாலும் அதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைப்பாள்.

அன்று அறுபத்திரண்டு வந்தது. தொட்டி வெள்ளையாகவே இருந்தது. எண்பது. தாங்கி மங்கலாகத் தெரிந்தது. நூற்றுப்பத்தில்தான் ஊசியின் முனை கண்ணுக்குப் பட்டது.

வேகமாக எண்ணிவிட்டோமோ என்று நினைத்தாள். பம்பை ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். நூற்றுப்பன்னிரண்டு. குறிப்பேட்டைப் புரட்டினாள். செவ்வாய்க்கிழமை: அறுபத்தொன்று. புதனும் வியாழனும் ஓரம் காலி. ஒருநாள் விருந்தாளிகளோடு தேநீர். மறுநாள் பெயர் எழுதிக் கொடுக்கப் போனது.

தொட்டியின் மூலையில் நுரை ஒரு விளிம்பு போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு காலி பாட்டில்களை எடுத்தாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். இரண்டையும் இருபது தடவை குலுக்கி மேஜைமேல் வைத்தாள். குழாய்த் தண்ணீரின் நுரை கையை எடுப்பதற்குள் போய்விட்டது. தொட்டித் தண்ணீரின் நுரை கழுத்தைச் சுற்றி வளையமாக நின்றது. அவள் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தாள். வளையம் அப்படியே இருந்தது.

கூடத்தில் வேறு யாரும் எண்ணுவதில்லை. அவள் எண்ணாமல் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. இரண்டு பாட்டில்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாப்பாட்டு மேஜையில் கணவர், அவள், கல்லூரியில் படிக்கும் மகள். பம்பு அண்ணன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் கண்ணாடிச் சுவரைத் துடைச்சீங்களா?"

"அப்பாடா. இதை நீ கேப்பேன்னு மூணு நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர். "துடைக்கிறதா? தேய்ச்சுக் கழுவினேன். பத்து மீட்டரு, ரெண்டு பக்கமும். முட்டி கழண்டுபோச்சு."

மகள் நிமிர்ந்தாள். "யாரு, அப்பாவா? இந்த வீட்ல அவர் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லையே."

"டம்ளரைப் பார்க்கத் தலைமைப் பொறியாளர் வரலையேம்மா."

"எதைப் போட்டுக் கழுவினீங்க?" என்றாள் ஊசியக்கா.

"சோப்புதான். வருஷக்கணக்கான பிசுக்கு, வெறும் தண்ணிக்குப் போகுமா? கேன்டீன்ல கேட்டு வாங்கினேன், பாத்திரம் கழுவுறது. ரெண்டு பாட்டில்."

"ரெண்டு பாட்டில்."

"அதை அப்படியே விடுவேனா? ஹோஸ் பிடிச்சு நல்லா அலசியும் விட்டேன்."

"அலசின தண்ணி எங்க போச்சு?"

இருபத்திரண்டு வருடம் பம்பு பார்த்தவருக்கு, அந்தச் சரிவில் விழும் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"உன் ஊசி நல்லாத் தெரியணும்னுதான்..." என்றார்.

"தெரிஞ்சுது. ரொம்ப நல்லாத் தெரிஞ்சுது."

"சோப்பு இருந்தா என்னம்மா?" என்றாள் மகள். "சுத்தம்தானே?"

ஊசியக்கா கைப்பையிலிருந்து பாட்டில்களை எடுத்துக் குலுக்கி அவள் முன்னால் வைத்தாள். "நல்ல தண்ணியில குமிழி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகும். பெருசானதும் விறுவிறுன்னு மேல ஏறிப் போயிடும். சோப்பு இருந்தா சேராது. பொடிப்பொடியா, மேலயும் போகாம, அடியிலேயே கூட்டத்தோட ஓடும். என் ஊசி பொய் சொல்லலை. அங்க இருந்த காத்தைத்தான் சொல்லுச்சு. ஆனா நிஜ அணையில யாரு ரெண்டு பாட்டில் ஊத்துவாங்க?"

"அப்போ ஏழு இல்லையா?"

"ஏழு இல்லை. எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது."

பம்பு அண்ணன் மனைவியைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "திங்கக்கிழமை உன் பேரு வருது. பத்தொம்பது வருஷம். நானே அதைக் கெடுத்துட்டேன்."

"என் பேரு போனா போகுது. அந்தத் தரை போனா?"

"நான் ஒண்ணும் சொல்லாதேன்னு சொல்லலையே" என்றார் அவர், கொஞ்சம் சூடாக.

"சொல்ல வந்தீங்க."

"வந்தேன். சொல்லலை."

மகள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவர்களாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை.

சனிக்கிழமை காலை இயக்குநரின் மேஜைமேல் இரண்டு பாட்டில்களும் நின்றன. அவள் சொல்லி முடிக்கும்வரை இயக்குநர் குறுக்கே பேசவில்லை. டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மூன்று நாளாக உட்கார்ந்து வரைந்த வரைபடங்கள் அவனுடையவை.

"அக்கா, ஒரு விஷயம் இருக்கு. சின்ன மாதிரியில காத்து எப்பவுமே குறைச்சலாத்தான் கலக்கும். நிஜ அணையில வேகம் அதிகம், இன்னும் நிறைய இழுக்கும். இது குறைச்சுக் காட்டுது, சோப்பு கூட்டிக் காட்டுது. ரெண்டும் நேராயிடலாமே."

"மாதிரி எவ்வளவு குறைச்சுக் காட்டுதுன்னு நம்பர் சொல்ல முடியுமா தம்பி?"

"உறுதியா முடியாது."

"சோப்பு எவ்வளவு கூட்டுச்சுன்னு?"

"அதுவும் தெரியாது."

"தெரியாத ரெண்டையும் கூட்டித் தெரிஞ்சதுன்னு எழுதிக் கொடுக்கவா? நீங்க படிச்ச படிப்புல அப்படி ஒரு கணக்கு இருந்தா சொல்லுங்க, நான் எழுந்து போயிடுறேன்."

டாக்டர் தலையைச் சொறிந்தான். "இல்லைக்கா" என்றான். "இருந்திருந்தா நான் ரெண்டு வருஷம் முன்னாடியே பட்டம் வாங்கியிருப்பேன்."

இயக்குநர் பாட்டிலை எடுத்துத் தானே ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். "நேத்துதான் மேடம் போன்ல கேட்டாங்க. ஏழுதான், சந்தேகமே வேண்டாம்னு சொல்லிவெச்சேன்."

"அதான் சார் இன்னைக்கே வந்து சொல்றேன்."

"சோப்பு எப்படி உள்ள வந்துச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. பம்பு அண்ணன். சனிக்கிழமையில் யாரும் போடாத இஸ்திரி போட்ட சட்டை. "நான்தான் சார்" என்றார், உட்காராமல். "பாத்திரம் கழுவுற சோப்பு. ரெண்டு பாட்டில். யாரும் சொல்லி நான் செய்யலை."

"உங்களுக்கு என்னங்க வந்தது? இருபது வருஷமாத் துடைக்காத கண்ணாடியை..."

"என் பொண்டாட்டி வேலையைப் பார்க்கப் பெரிய ஆளுங்க வர்றாங்க சார். மங்கலாத் தெரிஞ்சா எனக்குப் பொறுக்குமா?"

இயக்குநர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்திருந்தால் அந்த அறையில் இருந்த நாலு பேர் போதும். அது எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார்.

"மேடம், ஏழுன்னு சொன்னதை நிறுத்தி வைங்க... சோப்பு மேடம்... ஆமா, பாத்திரம் கழுவுறதுதான்." தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். "இல்லை, வெளி ஆளுங்க கண்டுபிடிக்கலை. ஊசி செய்றாங்களே, அவங்க... தண்ணி தெளிய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணுவாங்களாம்... இல்லை மேடம், நாங்க யாரும் எண்ணச் சொல்லலை." வைத்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "செவ்வாக்கிழமை வர்றாங்க. அதுக்குள்ள தண்ணியை மாத்தணும்."

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் விடுமுறை என்று யாரும் நினைக்கவில்லை. இருபத்தைந்தாயிரம் லிட்டரையும் வடித்தார்கள். பம்பு அண்ணன் முழங்காலுக்குமேல் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, வெறும் தண்ணீரும் நார்த் துடைப்பமுமாகச் சுவரைத் தேய்த்தார். குழாய்களுக்குள் மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசினார்கள். மூன்றாவது அலசலில் இயக்குநரும் தொட்டிக்குள் இருந்தார். வழுக்கி உட்கார்ந்து எழுந்ததைக் கண்டும் காணாமல் இருப்பது எப்படி என்று டாக்டர் சுவரைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தான்.

ஊசியக்கா அவர்களோடு சேரவில்லை. பழைய ஊசியின் முனையில் சோப்புப் படலம் ஒட்டியிருக்கலாம். கழுவினால் போய்விட்டது என்று யார் உறுதி தருவது? புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி ஒரு கீறல் போலத் தெரிந்தது. மூச்சுவிட்டால் அது ஆடும். அதனால் கம்பியைக் கண்ணாடிக் குழலின் வாயில் வைக்கும் நேரத்தில் மூச்சை நிறுத்துவாள். முதல் கம்பி வளைந்தது. இரண்டாவது, குழலைச் சூடுகாட்டி மூடும்போது அறுந்தது. மூன்றாவது உள்ளே போய், மறுமுனையில் மயிரிழை நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பசை வைத்து எஃகுக் குழாயில் இருத்தி, ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் நூறு தடவை முக்கி எடுத்தாள். முக்கும்போது பாய்ந்தது, எடுக்கும்போது நின்றது. நூற்றில் ஒருதடவைகூடத் தயங்கவில்லை. இதை உலகத்தில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் கிடைக்காது என்ற நினைப்பு வந்தது. வந்ததை அவள் விரட்டவில்லை.

திங்கள் மாலை தொட்டி நிறைந்தது. பம்பை ஓட்டி நிறுத்தி, அவள் எண்ணினாள். பம்பு அண்ணன் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்து எண்ணினார். டாக்டர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினான். அறுபத்தொன்றில் முனை தெரிந்தது. மூவரும் ஒரே எண்ணில் நிறுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை மேடம் தனியாக வந்தார். வணக்கம் சொன்னார், வேறு எதுவும் கேட்கவில்லை. ஊசி கீழ்க்கோடியில், தரையிலிருந்து நகக்கண் அளவு உயரத்தில் இறங்கியது. நூறு நொடி ஓடியது.

"மூணு" என்றான் டாக்டர்.

மறுபடியும். "மூணு புள்ளி ஒண்ணு." மறுபடியும். "ரெண்டு புள்ளி ஒம்பது."

மேடம் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மாசம்" என்றார், தனக்குத்தானே. பிறகு ஊசியக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, இது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும் மேடம்" என்றாள் அவள். "அடுத்த வெள்ளத்துல."

மேடம் சிரிக்கவில்லை. கையில் இருந்த கோப்பினைச் சரிவின் சட்டத்தில் வைத்துவிட்டு, மேல்சட்டையின் கையை மடக்கினார். "சரி. நாலு மாசத்தைச் சும்மா வாங்க முடியாது. ரெண்டாவது பள்ளம் சரியா எங்க வரணும்?"

அந்தக் கேள்வியை அவர் இயக்குநரிடமும் கேட்கவில்லை, டாக்டரிடமும் கேட்கவில்லை.

ஊசியக்கா ஊசியைக் கீழிருந்து மேலே கொண்டுபோக ஆரம்பித்தாள். மதகிலிருந்து எட்டரை மீட்டரில் மூன்றரை. ஏழரையில் நாலு. ஆறரையில் ஐந்து. ஆறில் ஆறு. ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவை அளந்தாள். எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நாலாவது தடவையும் அளந்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை. மதிய உணவை மறந்துபோனார்கள். பம்பு அண்ணன் மட்டும் நடுவில் ரொட்டி வாங்கி வந்து, தொட்டிக்கு எட்டாத தூரத்தில் நின்று தின்றார். ஒரு துகள்கூடத் தண்ணீரில் விழக்கூடாதென்று இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இனிமே கூடத்துக்குள்ள குளிச்சிட்டுக்கூட வர மாட்டீங்க போலிருக்கே" என்றான் டாக்டர்.

"குளிச்சேன்பா. சோப்பு போடலை."

இடையில் இயக்குநர் அறிக்கையைப் பற்றிப் பேச்செடுத்தார். பழைய எண்களை அப்படியே நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் போடலாமா என்று கேட்டார்.

"ரெண்டையும் போடுங்க சார்" என்றாள் ஊசியக்கா. "ஏழு எப்படி வந்துச்சுன்னும் போடுங்க. வேற கூடத்துல வேற யாராவது விருந்தாளி வர்றாங்கன்னு கண்ணாடியைக் கழுவுவாங்க."

"என் பேரும் வருமா?" என்றார் பம்பு அண்ணன், பயந்தவரைப்போல.

"'சுவர்கள் கழுவப்பட்டன'ன்னு போடுறேன்" என்றான் டாக்டர். "யாரால்னு கேக்க மாட்டாங்க."

"போடு தம்பி, பேரையே போடு. அவ பேருக்குக் கீழ சின்னதா. சோப்பு போட்டவன்னு எனக்கும் ஒரு வரி கிடைக்கட்டும்." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பார்வை புரிந்தது. அவள் மட்டும் ஊசியின் திருகை இறுக்குவதில் மும்முரமாக இருந்தாள். ஆனால் காது சிவந்திருந்தது.

மூன்று மணிக்குப் பம்பை நிறுத்தினார்கள். சரிவில் தண்ணீர் வடிந்து, வர்ணம் பூசிய தரை வெளியே வந்தது. மேடம் டாக்டரின் வரைபடத்தைப் பார்த்தார். காற்று ஐந்தைத் தொடும் இடம் ஆறரை மீட்டர். அதற்கு முன்னாலேயே பள்ளம் வந்துவிட வேண்டும். ரொம்பவும் முன்னால் போனாலும் வீண். "ஆறு புள்ளி ரெண்டு?" என்று கேட்டார்.

ஊசியக்கா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "ஆறு புள்ளி ரெண்டுன்னா அங்க இன்னும் அஞ்சரைக்கு மேல இருக்கும். போதும் மேடம். ஆறரைன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"நீங்க ஒத்துக்காட்டி நானும் வெட்ட மாட்டேன்" என்றார் மேடம். சட்டைப்பையிலிருந்து ஒரு மெழுகுப் பென்சிலை எடுத்து நீட்டினார். தன் தளத்தில், எங்கே உடைக்க வேண்டும், எங்கே உடைக்கக் கூடாது என்று அவரே குறி போடும் பென்சில். "நீங்களே போடுங்க."

அவள் ஏணியில் ஏறிச் சரிவுக்குள் குனிந்தாள். டாக்டர் அளவு நாடாவை மதகின் விளிம்பில் பிடித்துக்கொண்டான். இன்னொரு முனை ஆறு மீட்டர் இருபது சென்டிமீட்டரில் அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. தரை ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, கம்பியைக் குழலுக்குள் வைக்கும்போது செய்வதைப்போலவே மூச்சை நிறுத்திக்கொண்டு, இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடிவரை ஒரு கோடு இழுத்தாள். கோடு எங்கும் கோணவில்லை.

மேடம் குனிந்து பார்த்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதினார்: நூற்றிருபத்து நாலு மீட்டர். எழுதியதை ஊசியக்காவிடம் காட்டி, சரிதானா என்று கேட்டார். ஆறு புள்ளி இரண்டை இருபதால் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, சரி என்றாள் அவள்.

அடுத்த வாரம் அணையின் சரிவில், நூற்றிருபத்து நாலாவது மீட்டரில், கான்கிரீட் வெட்டும் இயந்திரத்தோடு ஆறு பேர் கயிறு கட்டி இறங்கினார்கள். அவர்கள் வெட்ட ஆரம்பித்தது அவள் போட்ட கோட்டில்.